பத்தொன்பதும் பதினெட்டும்

1966 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் காட்ஸ்கில் மலைப்பகுதி விடுதியொன்றில் ‘ஸ்னிக்’ கூடியது. 1960ல் ராலேயில் எல்லா பேக்கரின் முயற்சியால் உருவான மாணவர் அஹிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஸ்தாபனத்தில் வெள்ளையர் இருக்கலாமா என்பது கேள்வி. விலக்கலாம் என்றவர்கள் 19 பேர், கூடாதென்றவர்கள் 18 பேர், வாக்களிக்காதவர்கள் 24 பேர். இந்த 24ஐப் பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா? வாக்களிக்காதவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள்; தங்களைப் பற்றிய வழக்கில் தாங்களே தீர்ப்புச் சொல்லத் தயங்கியது ஒருவகை தார்மீக நாசூக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் மௌனம் வேறு.

தனித்தியங்கும் சித்தாந்தம் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1964 கோடையில் ஏறக்குறைய ஆயிரம் வடக்கத்தி மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர், மிஸிஸிப்பிக்கு வந்தார்கள். ஜூனில் மூவர் கொல்லப்பட்டபோது தேசமே தேடியது, அவர்களில் இருவர் வெள்ளையர் என்பதால். அதே தேடலில் ஆற்றில் கிடைத்த கறுப்பு உடல்களை அதற்குமுன் யாரும் தேடவில்லை. வேகமாக டைப் அடிக்கத் தெரிந்த கல்லூரிப் பையன் மேஜைக்கு வந்ததும், உள்ளூர்க்காரன் பழைய பழக்கத்தில் ‘சரிங்க ஐயா’ என்று ஒதுங்கினான். அந்த ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில், தங்கள் பிரதிநிதிக்குழுவை அங்கீகரிக்கக் கேட்டவர்களுக்கு இரண்டு இடங்கள் தருவதாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் பிறகு நம்பிக்கை மிஞ்சினால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஓர் உறவைப் பற்றிய உண்மை எந்தக் கணத்தில் ஓர் ஆளைப் பற்றிய தீர்ப்பாகிறது? ஃபானி லூ ஹேமர் குத்தகை விவசாயி. 1963ல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். அக்கூட்டத்தில் அவர் விலக்கத்தை ஏற்கவில்லை. ‘அந்த வளர்ச்சி நிலைக்கு வராதவர்’ என்று சிலர் அவரை ஒதுக்கினார்கள். யார் பெயரால் சித்தாந்தம் பேசியதோ அவரையே அது பின்தங்கியவராக்கியது. வெள்ளையர் விலக்கத்தைவிட எனக்கு இதுவே பெரிய முறிவாகப் படுகிறது.

ஆரம்ப காலங்களில் எல்லோரும் இசையும்வரை விடிய விடியப் பேசுவார்கள். அலுப்பூட்டும் முறைதான். (ஐந்து பேர் கூடிப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் புரியும்.) எனினும் சிறைக்குப் போகிறவனின் சம்மதம் வேண்டும் என்ற நியாயம் அதிலிருந்தது. 1966 மே மாதம் கிங்ஸ்டன் ஸ்பிரிங்ஸில் ஜான் லூயிஸைத் தலைவராகத் தேர்ந்துவிட்டு, பலர் எழுந்து போனபின் மறுவாக்கெடுப்பில் ஸ்டோக்லி கார்மைக்கேலைத் தேர்ந்தார்கள். 1968ல் அவரும் வெளியேற்றப்பட்டார். இடையில் எஃப்.பி.ஐ.யின் சதிவேலைகள் வேறு. 1969ல் பெயரிலிருந்த ‘அஹிம்சை’ போய் ‘தேசிய’ வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே முதலெழுத்து, சுருக்கப் பெயரை மாற்றவேண்டியிருக்கவில்லை.

‘வெள்ளையர் தங்கள் மக்களிடம் போய் வேலை செய்யட்டும்’ என்பதே விலக்கியவர்களின் வாதம். 1967 மேயில் பாப் ஸெல்னர் அதற்குத்தான் தயாராக வந்தார்: ஏழை வெள்ளையரிடையே வேலை, கூடவே ஸ்தாபனத்தில் ஒரு வாக்கு. ஸெல்னர் 1961லேயே மிஸிஸிப்பியில் ஊர்வலத்தில் அடிவாங்கியவர். வாக்கு கிடையாது என்றார்கள்.