ஒரு சொல்லும் இரு தீர்ப்புகளும்

நம் நாட்டில் மாநிலங்களுக்கெனத் தனி அரசியலமைப்பு இல்லை. ஜம்மு-காஷ்மீர் மட்டுமே 1957 முதல் 2019 வரை தனக்கென ஒன்றைக் கொண்டிருந்தது. ஏனைய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்கள் ஒரே சாசனத்தையே வாசிக்கின்றன. எனினும், எல்லா இடத்திலும் பொருள் ஒன்றாக அமைவதில்லை. திருமூர்த்தி அணையின் நீர் ஒன்றே. அது கடைமடையைச் சேருமா என்பது மதகையும் வாய்க்காலையும் பொறுத்தது என்பதை உடுமலைப்பேட்டை உழவர் அறிவர்.

சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தையும், சமயத்தை ஏற்று, ஒழுகி, பரப்பும் உரிமையையும் அளிக்கிறது. ‘பரப்புதல்’ என்னும் சொல் எளிதில் இடம்பெற்றதன்று. அரசியல் நிர்ணய சபையில் அதை நீக்கக் கோரியோர் இருந்தனர். 1948 டிசம்பரில் அச்சொல்லை ஆதரித்துப் பேசியோருள் கிறிஸ்தவரல்லாத டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர்.

பின்னர் ஒடிசா 1967-இலும், மத்தியப் பிரதேசம் 1968-இலும், வன்முறை, வஞ்சகம், ஆசைகாட்டல் ஆகியவற்றால் நிகழும் மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றின. பரப்புதல் கிறிஸ்தவ சமயத்தின் ஒரு கூறு எனக் கண்ட ஒடிசா உயர் நீதிமன்றம், 1972-இல் தன் மாநிலச் சட்டம் செல்லாது என்றது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமோ, 1974-இல் தன் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. அருட்பணி ஸ்தனிஸ்லாஸ் தொடுத்த வழக்கில், 1977 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முடிவு கூறினர்: பரப்புதல் என்பது சமயக் கொள்கைகளை எடுத்துரைப்பது, பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது, ஏனெனில் மனச்சான்றின் சுதந்திரம் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது.

இத்தீர்ப்பு நம்மில் பலருக்கு மனக்குறையே. ஆயினும் நிதானமாய்ச் சிந்திப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-இல், சமயச் சுதந்திரம் பற்றிய தன் அறிக்கையில், நற்செய்தியை அறிவிப்போரிடம் வற்புறுத்தலின் சாயலும் இருத்தலாகாது என்றும், எளியோரிடம் சிறப்பாக எச்சரிக்கை வேண்டும் என்றும் கற்பித்தது. இவ்வளவில் நீதிமன்றத்தோடு நமக்குப் பிணக்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. அறிவிப்பவரின் உரிமை எதுவரை என்று அளந்தவர்கள், கேட்டுத் தானே தேர்ந்து கொள்பவரின் உரிமையை அதே அக்கறையோடு அளக்கவில்லை. அந்தக் கடைமடைக்கு நீர் சென்றது இமாசலப் பிரதேசத்தில். சமயம் மாற விரும்புவோர் முப்பது நாள் முன்னரே மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அம்மாநிலத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒருவரது நம்பிக்கை அவரது அந்தரங்கம் என்று கூறி, 2012-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. ஆனால் 2019-இல் வந்த புதிய சட்டம் முன்னறிவிப்பை மீண்டும் கொணர்ந்தது. நம் தமிழகத்திலும் 2002-இல் ஒரு தடைச்சட்டம் பிறந்து, 2004-இல் அரசாலேயே விலக்கப்பட்டது.

சட்டங்கள் இவ்வாறு வரலாம், போகலாம். நமக்குரிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. நம்மிடம் வருகிறவரின் மனச்சான்றைப் போற்றும் நாம், நம் இல்லத்துப் பிள்ளையொருவர் நம்மை விட்டு வேறு நெறியை நாடினால், அதே மனச்சான்றை மதிப்போமா? அவரை உறவினின்று தள்ளிவிட்டு, நீதிமன்றத்தில் மட்டும் சுதந்திரம் கேட்பது நேர்மையாகாது. பிறர்க்கு நாம் விடாத நீரை நம் வயலுக்கு மட்டும் எவ்வாறு கேட்போம்?