நெரிசலின் நிமித்தம்

கொண்டச்சிக் குடாவுக்கு எதிரேயுள்ள கடலடிப் பார்களில் வாழும் முத்துச்சிப்பி, தன் ஓட்டுக்கும் முத்துக்கும் வேண்டிய புரதங்களை மேலுறைக் கலங்களில் ஆக்கி, நுண்பைகளில் அடைத்து வெளியேற்றுகிறது. கலங்களுள் இத்தகைய பைகளைச் சுமக்கும் இயக்கிப் புரதங்களுள் ஒன்றான கைனசின், நுண்குழல் எனப்படும் தடத்தில், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு ஓர் அடியெடுப்புக்கு 8 நானோமீட்டர் முன்னேறுகிறது. ஆயினும் போகுமிடத்தை அது அறியாது. அறிவற்ற பொருள் ஒழுங்காகச் செயற்பட அறிவுடைய கருத்தா வேண்டும் என்பதே, இக்கரையின் வடக்கே திருக்கேதீச்சரத்தில் வழிபாடாக வாழும் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை வாதம். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பதுபோல, உலகுக்கு மாயையும் சக்தியும் சிவனும் எனச் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மரபு வகுத்தது.

இவ்வாதத்தை உரசிப் பார்க்க உதவும் கணித மாதிரி ஒன்று, கலத்தில் புரதம் ஆக்கும் ரைபோசோம்களின் நகர்வை விளக்குவதற்காக மக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் ஆகியோரால் 1968இல் அமைக்கப்பட்டது. வரிசையான இடங்களில், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் துகள்கள், இடத்துக்கு ஒன்றாக நின்று, முன்னிடம் வெறுமையாக இருந்தால் மட்டும் நகரும் என்பதே அதன் விதி; நுண்குழலில் செல்லும் கைனசின்களையும் இத்தகைய துகள்களாகக் கொள்ளலாம். 1993இல் இயற்பியலர் டெரிடாவின் குழுவினரும், தனியே ஷூட்ஸும் டொமனியும், அதற்குத் துல்லியமான தீர்வு கண்டனர். வெளியேறும் வீதம் குறைந்தால் தடம் முழுவதும் நெரிசல். நுழையும் வீதம் குறைந்தால் தடம் முழுவதும் வெறிச்சோடல். இரண்டும் போதிய அளவு மிகுந்தால் பாதி இடங்கள் நிரம்பி ஓட்டம் உச்சத்தை அடையும். நெரிசலை எந்தத் துகளும் விரும்பவில்லை, எதுவும் திட்டமிடவில்லை. நடுவழியின் நிலையை இரு முனைகளே தீர்மானிக்கின்றன.

ஆகவே ஒழுங்கின் வடிவத்தைக் காட்டியே அதற்கொரு குயவனை நிறுவுவது இனி இயலாது. இதை ஏற்பதில் சித்தாந்திக்கு இழப்பும் இல்லை. வீதங்களைக் கொடுக்கப்பட்டவையாகவே மாதிரி கொள்வதால், அவற்றை அமைத்தது யார் என்ற வினாவை அது தொடுவதேயில்லை. இறைமறுப்புக்கு இதைச் சான்றாக்குவோர் அது சொல்லாததைச் சொல்கின்றனர். உண்மையில் குயவன் உவமையே இங்குப் போதாது: அவன் அகன்ற பின்னும் குடம் நிற்கும், கலத்தின் ஓட்டமோ ஏ.டி.பி. தீர்ந்த கணத்தில் நின்றுவிடும். மாறாததாகத் தோன்றும் அவ்வோட்ட நிலை சமநிலையன்று, இடையறாத செலவால் தாங்கப்படுவது என்பதைப் புள்ளியியல் இயற்பியல் ஐயமற நிறுவியிருக்கிறது. எனவே சித்தாந்தியின் வினா படைத்தலை விட்டுக் காத்தலில் ஊன்றவேண்டும். அவ்வாற்றல் உணவிலிருந்தும், உணவு கதிரவனிடமிருந்தும் வருகிறது என விடை தொடுக்கலாம். அத்தொடர் தானே தன்னைத் தாங்குமா என்பதில்தான் பொருளே அனைத்தும் எனும் லோகாயதரும் சித்தாந்தியும் பிரிகின்றனர்.