சீனாக்காரன் தவற வேண்டும்

பந்தயத்தின் கடைசி நாட்களில் ரசிகன் செய்யும் பிரார்த்தனை சற்று விபரீதமானது.

2024 டிசம்பர் 12. மறுநாள் திருவண்ணாமலையில் மகாதீபம். ஊர் கொள்ளாத ஜனங்கள். ஒரு டீக்கடையில் மட்டும் நாலைந்து பேர் கைபேசியைச் சூழ்ந்து நின்றார்கள். சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம். அதுவரை சென்னை குகேஷுக்கும் சீனத்து டிங் லிரனுக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. இதுவும் சமன்தான் என்றார்கள், விஷயம் தெரிந்தவர்கள். கடைக்காரர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்: “அண்ணாமலையாரே, அந்தச் சீனாக்காரன் ஒரு தப்புப் பண்ணணும்!”

பண்ணினார். 55-ஆவது நகர்த்தலில் யானையை வைக்கக்கூடாத கட்டத்தில் வைத்தார். கடை அதிர்ந்தது. எல்லோருக்கும் டீ இலவசம்.

நம் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்பதும், அவன் தவற வேண்டும் என்பதும் ஒரே வேண்டுதலா? பலன் ஒன்றுதான், மனசு வேறு. இந்தப் பக்கத்துப் பாரதக் கூத்தில் 17-ஆம் நாள் கர்ணனின் தேர்ச்சக்கரம் புதையும்போது, பாண்டவர் கட்சிக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கர்ணன் பட்டதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். டிங் 2023-இல் பட்டம் வென்றபின் மனச்சோர்வில் வாடியவர் என்பது கடையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்காக வெற்றியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு சிப்பாய் அதிகமிருந்ததை வைத்துக்கொண்டு, சமனென்று விட்டுவிடாமல் 18 வயதுப் பிள்ளை மணிக்கணக்காக நெருக்கியதில் விளைந்த தவறு அது. ஜெயித்ததும் குகேஷ் அழுதார். டிங் உண்மையான சாம்பியனைப் போலப் போராடினார் என்றும் சொன்னார். நவம்பர் 25 முதல் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அல்லவா அவர்?