எட்டாங் கற்பனையும் அயலான் வேதமும்



அயலான் பொருளைத் திருடினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிறோம். அவனுடைய வேதத்தைப்பற்றி அறியாமல் பழித்துப் பேசினால் அதைச் சொல்லுகிறோமா? அதுவும் எட்டாங் கற்பனைக்கு விரோதமே. அப்பாவம் எவ்வளவு கனமானதாகக்கூடும் என்று ஒரு சரித்திரத்தால் அறிவோம்.

ழூல் இசாக் என்பவர் பிரான்சு தேசத்துச் சரித்திர ஆசிரியர், யூதர். 1943-ம் ஆண்டில் நாத்சிகள் அவர் மனைவியையும் மகளையும் பிடித்து, ஔஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அத்துயரத்திலும் அவர் தாம் தொடங்கியிருந்த ஆராய்ச்சியை விடவில்லை. சுவிசேஷங்களை நுணுகி ஆராய்ந்து, 'சேசுவும் இஸ்ராயேலும்' என்ற நூலை 1948-ல் வெளியிட்டார். யூத ஜாதி முழுவதும் கடவுளைக் கொன்ற ஜாதி என்று கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்ததற்குச் சுவிசேஷத்தில் ஆதாரமில்லை என்று காட்டினார். நாத்சிகளின் பகைக்கு வேறு வேர்களும் உண்டு. ஆனால் அது முளைத்த நிலத்தை உழுது வைத்தது இந்தப் பேச்சே.

1960-ம் ஆண்டு ஜுன் 13-ந் தேதி, 82 வயதான இசாக் பாப்பு 23-ம் அருளப்பரைச் சந்தித்தார். அதே ஆண்டில் பாப்பானவர், வேதாகம சாஸ்திரியும் சேசுசபைக் குருவுமான கர்தினால் பேயாவிடம் இக்காரியத்தை ஒப்புவித்தார். 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வத்திக்கான் சங்கம் தன் பிரகடனத்தை வெளியிட்டது. ஆதரித்தவர்கள் 2,221; எதிர்த்தவர்கள் 88. ஆண்டவருடைய பாடுகளின் பழியை அக்காலத்து யூதர் எல்லோர்மேலும், இக்காலத்து யூதர்மேலும் சுமத்தலாகாதென்று சங்கம் தீர்மானித்தது. நம் பாவங்களே அவரைச் சிலுவையில் அறைந்தன என்று 1566-ம் ஆண்டு ரோமைச் சத்தியோபதேசமே போதித்திருக்கவில்லையா? நாம்தான் அதை மறந்து பிறர்மேல் விரல் நீட்டினோம். நமது ஆண்டவரும் தேவமாதாவும் அப்போஸ்தலர்களும் யூத குலத்தாரே. பாஸ்கு பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அப்படியானால் எல்லா வேதமும் ஒன்றுதானோ என்பீர்கள். அல்ல. கிறிஸ்துவே வழியும் சத்தியமும் ஜீவியமும் என்று பிரசங்கிப்பது திருச்சபையின் கடமையென அதே பிரகடனம் கூறுகிறது. அதோடு, இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் ஆகியோரிடம் உள்ள உண்மையும் பரிசுத்தமுமான எதையும் தள்ளுவதில்லை என்றும் கூறுகிறது. சத்தியத்தை நேசிக்கிறவன் அயலானைப்பற்றியும் சத்தியமே பேசவேண்டும்.

நாம் எல்லோரும் சாஸ்திரிகளாக முடியாது. ஆயினும் அடுத்த வீட்டு முஸ்லிம் ஏன் நோன்பிருக்கிறார், எதிர்வீட்டு இந்து எதற்காக விரதம் காக்கிறார் என்று அவர்களையே மரியாதையாய்க் கேட்டறியலாம். கேட்டறியாததைச் சொல்லாமலிருக்கலாம். நம்முடைய திவ்விய நற்கருணையைப்பற்றி ஒருவன் தெரியாமல் பரிகாசம் பேசினால் நம் மனம் எவ்வளவு நோகும்! அந்த நோவைப் பிறருக்கு உண்டாக்காதிருப்போமாக.

சர்வேசுரன் நம் நாவைக் காப்பாராக.

உங்கள் பங்குக் குரு