கால் பங்குப் பாவம்

மேடையில் ஒரு பெண் ஆடைகுறைத்து ஆடுகிறாள். கீழே ஆண்கள் கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். இதில் குறை ஏதும் உண்டென்றால் அது யாருடையது?

மேலை நாடுகளில் ஹாலோவீன் இரவில் பேய் வேடம் போட்டுக்கொண்டு, நண்பர்கள் கூட்டமாக ஸ்ட்ரிப் கிளப்புக்குப் போகிற வழக்கம் உண்டு. எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிளப் கிடையாது. வேடம் உண்டு, மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளையில் காளி வேடம் கட்டிச் சுடுகாட்டுக்குப் போவார்கள். ஆட்டமும் உண்டு, ஊர்த் திருவிழா இரவுகளில் 'ஆடல் பாடல்' நடக்கும். முன்பு அதற்கு ரெக்கார்டு டான்ஸ் என்று பெயர். எல்லா ஆடல் பாடலும் ஆபாசம் அல்ல. பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்கு ஆடிப் பிழைக்கிற குழுக்கள்தான். ஆனால் நேரம் ஏற ஏற முன்வரிசையின் விசிலும் ஏறும். அது கேட்பது பாட்டை அல்ல.

காவல்துறை அனுமதி மறுத்தால் விழாக்குழுவினர் உயர்நீதிமன்றம் போவது நம் மாநிலத்தில் வழக்கமாகிவிட்டது. நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதி தரும்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையும் கட்சியையும் இழுக்கக் கூடாது. கூட்டத்துக்குச் சொல்லப்படுவது குடிக்காதே, சண்டை போடாதே என்பதுதான். எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சட்டத்தால் அதைச் சொல்லவும் முடியாது. அது அறம் பேச வேண்டிய இடம்.

"ஆம்பளைன்னா பார்க்கத்தான் செய்வான்" என்று நம் வீட்டுப் பெண்களே சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. துகிலுரிதல் காட்சியில் பெண் வேடம் கட்டிய ஆணின் சேலையைத் துச்சாதனன் இழுக்கும்போது, கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடல் பாடலுக்கு விசிலடிக்கிற அதே ஊர்க்காரர்கள்தான் அங்கே கைகூப்பி நிற்கிறார்கள். ஆகவே பார்வை என்பது பிறவிக் குணம் அல்ல, பழக்கம். ஒரு பெண்ணின் அவமானத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். எந்தப் பெண் என்பதில்தான் பேதம்.

பாரதத்தில் திரௌபதி கேள்வி கேட்டது சபையிடம். பெரியவர்கள் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது விதுரன் ஒரு பழைய கணக்கைச் சொல்கிறான். கண்டிக்க வேண்டியதைச் சபை கண்டிக்காவிட்டால், பாவத்தில் பாதி தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, கால் பங்கு சும்மா இருந்தவர்களுக்கு. பார்ப்பதும் ஒரு செயல் என்று சொல்லும் கணக்கு இது. கூட்டமாகப் போகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தப்பத்தான் கூட்டமாகப் போகிறார்கள். தனியாக நின்று விசிலடிக்கக் கூசுகிறவன் பத்துப் பேரோடு நின்றால் கூசுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆடுகிறவள் திரௌபதி அல்ல. அவளை யாரும் மயிரைப் பிடித்து இழுத்து வரவில்லை. பேசிய கூலிக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். அவளைத் திரௌபதியாக்கினால் நாம் கிருஷ்ணன் வேடம் கட்ட நேரிடும். மகாராஷ்டிரா 2005இல் அந்த வேடத்தைத்தான் கட்டியது. பெண்களின் கண்ணியத்தைக் காப்பதாகச் சொல்லி டான்ஸ் பார்களைத் தடைசெய்தது. மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும் விலக்கு. பணக்காரன் பார்த்தால் கண்ணியம் கெடாது போலும். 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேலையிழந்த பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதை அந்தத் தீர்ப்பே குறிப்பிட்டது. காப்பாற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்தது பட்டினி.

ஆகவே தடை பதில் அல்ல. "அவள் சம்மதித்துத்தானே வந்தாள்" என்பதும் முழுப் பதில் அல்ல. சம்மதம் அவளைப் பற்றிய கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது, நம்மைப் பற்றிய கேள்விக்கு அல்ல. அதற்கு எல்லையும் உண்டு. ஆடச் சம்மதித்தவள் ரவிக்கையில் நோட்டைக் குத்தச் சம்மதித்தாளா? ஒரு இரவுக்குக் கூலி வாங்கியவள், நூறு செல்போன்களில் படமாகி, நாளை தன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் வரை போய்ச் சேரச் சம்மதித்தாளா? 2019இல் உச்ச நீதிமன்றம் டான்ஸ் பார்களுக்கான பல கெடுபிடிகளை நீக்கியது. ஆனால் ஆடுகிறவள்மேல் பணத்தை வாரி இறைக்கக் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது. கையில் டிப்ஸ் கொடுக்கலாம். சிறிய வித்தியாசம்தான். ஒன்று உழைப்புக்குத் தருவது, மற்றொன்று உடம்பின்மேல் எறிவது. அந்த ஒரு வரி பார்க்கிறவனின் கையைப் பற்றிப் பேசுகிறது.

பெண்களாகிய நமக்கும் கால் பங்கில் பங்கு உண்டு. கூட்டத்தின் ஓரத்தில் பாய் விரித்து நாமும் பார்க்கிறோம். "இவளுக்கு வெட்கமே இல்லையா" என்கிறோம். விசிலடிக்கிற நம் வீட்டுப் பையனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆடுகிறவளுக்குப் பேசிய கூலி கைக்கு வந்ததா, உடை மாற்ற மறைவான இடமும் கழிப்பறையும் உண்டா, நள்ளிரவில் ஊர் திரும்ப வண்டி உண்டா என்று விழாக்குழுவிடம் கேட்பதில்லை. வரி கொடுப்பது நம் வீடும்தான். கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்கும் முன்னால், பக்கத்தில் நிற்கிற தம்பியிடம் "போனை உள்ளே வைடா" என்று சொல்லலாம். அவள் ஆட்டம் நின்றுவிடாது. அவள் கூலியும் குறையாது.