யாருடைய ஆயுள்?

மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்துக்கு 700 வயது என்பர். அதன் நிழலில் நிற்கும் மனிதனுக்கும் நீள வாழ ஆசை, அதில் பிழையில்லை. உயிர்க்கலத்தில் பிறக்கும் 'ப்ரீ ராடிக்கல்' எனும் நிலையற்ற துகள்களே முதுமைக்குக் காரணமென 1956இல் டென்ஹாம் ஹார்மன் உரைத்தார். அவற்றை அடக்க இன்று சீரியம் ஒட்சைட்டின் நானோத் துகளை ஆய்வாளர் நாடுகின்றனர். சீரியம் இலத்திரனை ஏற்கவும் மீளத் தரவும் வல்லது. ஆதலால் ஒருமுறை வினைபுரிந்ததும் தீர்ந்துவிடுவதில்லை. எலிகளில் சில நற்பலன்கள் கண்டனர்; மனிதனின் மூப்பைத் தடுக்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

நாம் விஞ்ஞானத்தின் பகைவரல்லர். ஆயின் சீரியம் எங்கிருந்து வருகிறது? மோனசைட் முதலிய கனியங்களிலிருந்து. குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்தே மோனசைட்டைப் பிரிக்கின்றனர். மன்னார் மணலில் தேடப்படுவது சீரியமன்று, இல்மனைட்; அந்த அகழ்வை எதிர்த்து 2025இல் மக்கள் வீதியில் இறங்கினர். தாழ்ந்த தீவில் மணல் போனால் கிணறு உவராகும் என்பது அவர்கள் அச்சம். பொருள் வேறாயினும், கரையை இழப்பவர் ஒருவர், பயன் துய்ப்பவர் இன்னொருவர் என்ற கணக்கு வேறன்று.

கரைவலை இழுப்பவனை நோக்குவோம். நண்பகல் வெயிலின் புற ஊதாக் கதிரும் அவன் தோலில் அதே துகள்களைத்தான் பிறப்பிக்கிறது. ஐம்பதிலேயே அவன் கிழவன். சம்மாட்டியிடம் பட்ட கடனோ இன்னும் இளமையோடிருக்கிறது! அவனுக்கு இம்மருந்து என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை முதலிற் கேட்போம்.