இறகு மெத்தை

அடிமையாய்ப் பிறந்து, பின்னர் அமெரிக்காவின் மனச்சாட்சியையே தம் நாவன்மையால் உலுக்கிய பிரெடரிக் டக்ளஸ் மூன்று சுயசரிதங்கள் எழுதினார். அவற்றை வாசிக்குந்தோறும் அவருடைய மனைவி அன்னா அம்மையாரைத் தேடி என் கண்கள் ஏமாந்தே திரும்புகின்றன. 1838 செப்டம்பரில் மாலுமி வேஷம் பூண்டு பால்டிமோரிலிருந்து டக்ளஸ் தப்பியோடிய பிரயாணத்துக்கு, பிறர் வீட்டில் ஊழியம் செய்து சேர்த்த பணத்தோடு, தம் இறகு மெத்தைகளுள் ஒன்றை விற்ற தொகையையும் கொடுத்துதவியவர் அந்த அம்மையார்தாம் என்பதை, மூத்த மகள் ரோசெட்டா 1900-இல் தாயைப் பற்றி நிகழ்த்திய நினைவுரையால் அறிகிறோம்.

உலகத்துக்கென வாழ்பவர் தம் கிருகத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் யாது என்ற கேள்வி அப்போதெல்லாம் என் நெஞ்சில் எழும். 1845-இல், மீண்டும் பிடிபடும் அபாயத்துக்கு அஞ்சி டக்ளஸ் பிரிட்டனுக்குக் கப்பலேறி, ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் மகாசபைகளில் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, லின் நகரத்திலே அம்மையார் செருப்புத் தைத்துக் குடும்பத்தைக் காத்தார். அந்த அற்பக் கூலியிலும், இத்தனை ஜோடியின் வருமானம் அடிமை ஒழிப்பு நிதிக்கு என்று தனியே எடுத்து வைத்தார். கணவருக்கு விடுதலையின் வாயிலாக அமைந்த எழுத்தறிவோ அவருக்குப் பெரும்பாலும் கைகூடவில்லை. பின்னர் குடியேறிய ராச்செஸ்டர் நகரில், ஓடிவந்த அடிமைகள் குளிர் நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து உபசரித்தவர் அவரே. 1860-இல் கடைக்குட்டி ஆனி பதினோராம் வயது நிரம்புமுன் இறந்தபோதும் தந்தை கடலுக்கு அப்பால்தான் இருந்தார்.

இதற்காக டக்ளஸை முன்பு நான் மனத்துக்குள் கடிந்துகொண்டதுண்டு. இப்போது அது முடியவில்லை. பெற்ற தாயை, அதுவும் பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டுப் பன்னிரண்டு மைல் நடந்து இரவில் வந்த தாயை, ஆயுளில் நான்கைந்து தடவைக்கு மேல் கண்டறியாத குழந்தைக்கு, இல்லம் என்பது இன்னதென்று யார் கற்பித்திருப்பார்கள்? அடிமைத்தனம் அவரிடமிருந்து களவாடிய செல்வங்களுள் இதுவும் ஒன்று.

ரோசெட்டா வேறொன்றும் சொல்கிறார். தப்பி வந்தவருக்கு இன்ன பெயரென்றுகூட நிலைபெறாத அந்த நாளில், விவாகத்துக்காக நியூயார்க் வந்து சேர்ந்த அன்னா, பட்டாடையோடு பாத்திரங்களும் கரண்டிகளும் படுக்கை விரிப்புகளும் கொண்டுவந்தார். விற்காமல் வைத்திருந்த இறகு மெத்தையும் தலையணைகளும் அவற்றோடு வந்தன.